பேட்டி ஸ்மித்: இசைத்தட்டுகளும் கூட நின்றவர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ராக் இசை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் எப்படியோ பேட்டி ஸ்மித்திடம் வந்து சேர்ந்துவிடுவேன். கேட்பவர்களும் கேள்விகளை அடுக்குவார்கள். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பாடல்களை இதுவரை கேட்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் நீளமாகவே போகும்.

பேட்டி ஸ்மித் யார்?

அமெரிக்கப் பாடகி, கவிஞர். 'பங்க் இசையின் ஞானத்தாய்' என்று ஐம்பது வருடங்களாகப் பெயர். 1946 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் பிறந்தார். வளர்ந்தது பிலடெல்பியாவிலும் நியூ ஜெர்சியின் தென்பகுதியிலும். அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை, அம்மாவுக்கு உணவகத்தில் பரிமாறும் வேலை. நான்கு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

1967இல், இருபது வயதில், நியூயார்க் போய்விடுவது என்று முடிவு செய்து பிலடெல்பியா பஸ் நிலையத்துக்கு வருகிறார். வந்து பார்த்தால் கட்டணம் ஏறியிருக்கிறது, கையில் இருக்கும் பணம் போதவில்லை. யோசிப்பதற்காக அங்கிருந்த டெலிபோன் பூத்துக்குள் போய் நிற்கிறார். உள்ளே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கைப்பை, அதில் 32 டாலர். அதை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அந்தப் பெண் யாரென்று தெரியாவிட்டாலும், தன்னை வழியனுப்பி வைத்தது அவர்தான் என்று தன் நினைவுக்குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். இவருடைய இசையில் கூட நின்றவர்களைப் பற்றி நிறையப் பேசப்போகிறோம். என் கணக்கில் அந்த வரிசையில் முதல் ஆள் அந்தக் கைப்பைக்காரர்தான்.

பங்க் என்றால் மூன்று நிமிட வேகப் பாட்டுதானே? இவர் ஒன்பது நிமிடம் கவிதை சொல்கிறாரே?

நியாயமான சந்தேகம். பங்க் என்றவுடன் நம் காதில் கேட்பது பெரும்பாலும் 1976க்குப் பிறகு லண்டனில் வந்த சத்தம். அதற்கு முன்பே நியூயார்க்கின் பவரி தெருவில் 'சிபிஜிபி' என்ற குறுகலான மதுக்கூடத்தில் இந்த இசை முளைத்துவிட்டது. அங்கே ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி வாசித்தது. ரமோன்ஸ் இரண்டு நிமிடத்தில் பாட்டை முடிப்பார்கள். டெலிவிஷன் குழுவோ ஒரே பாட்டில் கிடாரைப் பின்னிக்கொண்டே போவார்கள். 1975இல் அதே மேடையில் டெலிவிஷனும் பேட்டி ஸ்மித்தும் வாரக்கணக்கில் சேர்ந்து கச்சேரி செய்தார்கள்.

இசை படித்திருக்க வேண்டியதில்லை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மேடையேறு என்ற துணிச்சல்தான் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. அந்த வகையில் இவர் அசல் பங்க். ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976இல்தான் வந்தது, இவருடையது அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது.

கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் பாட்டுக்கு எப்படி வந்தார்?

இசை பற்றி எழுதிவந்த கிடார் கலைஞர் லென்னி கே வழியாக. பழைய பாடல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஸ்மித் அவரைத் தேடிப் போனார். லென்னிக்கு அப்போது நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஒரு ரெக்கார்டு கடையில் வேலை. 1971 பிப்ரவரி 10 அன்று செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் ஸ்மித்துக்குக் கவிதை வாசிக்க வாய்ப்பு கிடைத்தது. வெறுமனே வாசித்தால் போதாது என்று தோன்றியிருக்கிறது. லென்னியிடம் அவர் கேட்டது, கிடாரில் ஒரு கார் விபத்தை வாசித்துக் காட்ட முடியுமா என்பதுதான். முடியும் என்றார் லென்னி. தேவாலயத்துக்குள் ஆம்ப்ளிஃபையர் வைத்து மின்கிடார் வாசித்ததில் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் எழுந்து ஆரவாரம் செய்தார்கள்.

அன்று பக்கத்தில் நின்ற லென்னி இன்றைக்கும் அதே இடத்தில் கிடாரோடு நிற்கிறார். இருவரும் தம்பதியாக இருந்ததில்லை, தொழில்முறை ஒப்பந்தத்தால் மட்டும் சேர்ந்தவர்களும் இல்லை. ராக் இசையில் இத்தனை வருடம் நீடித்த இப்படியொரு தோழமை எனக்குத் தெரிந்து அபூர்வம்.

அதே 1971இல் நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்டோடு சேர்ந்து 'கௌபாய் மௌத்' என்ற நாடகத்தை எழுதினார். ஒரே டைப்ரைட்டரை இருவரும் மாற்றி மாற்றித் தள்ளி, ஆளுக்கொரு வசனமாக எழுதியது. அரங்கேறியதும் ஷெப்பர்டு விலகிவிட்டார். ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த 1931ஆம் வருடத்துப் பழைய கறுப்பு கிப்சன் கிடார் இவரோடு தங்கிவிட்டது. நாலைந்து கார்டுகளை (சுரக்கூட்டுகளை) வைத்துக்கொண்டு இவர் பாட்டுக் கட்டப் பழகியது அதில்தான்.

முதல் பதிவு எது?

1974இல் வந்த ஒரு சிங்கிள். ஒரு பக்கம் 'ஹே ஜோ', மறுபக்கம் 'பிஸ் ஃபேக்டரி'. பதிவுக்கான பணத்தைக் கொடுத்தவர் ராபர்ட் மேப்பிள்தார்ப். நியூயார்க் வந்த புதிதில் இவரோடு ஒரே அறையில் பசியையும் பகிர்ந்துகொண்ட நண்பர். பின்னாளில் உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர்.

பதிவு நடந்தது எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில். ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தனக்கென்று கட்டிய இடம் அது. 1970இல் அதன் திறப்பு விழாவுக்குப் போன ஸ்மித், உள்ளே போகக் கூச்சப்பட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த ஹெண்ட்ரிக்ஸ் நின்று கொஞ்சம் பேசிவிட்டுப் போனார். அதற்கடுத்த மாதமே ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து இவர் அங்கே பதிவு செய்தது ஹெண்ட்ரிக்ஸ் புகழ்பெறச் செய்த அதே 'ஹே ஜோ'வை.

'பிஸ் ஃபேக்டரி' பதின்பருவத்தில் கோடைக்கால வேலைக்குப் போன தொழிற்சாலையைப் பற்றியது. அந்த வயதில் இவருக்கு ஆறுதல் பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரிம்போவின் புத்தகம். பிலடெல்பியா பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பார்த்து, வாங்க 99 சென்ட் இல்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தது. பாட்டில் அந்தப் பெண், இங்கே வாடிப்போகமாட்டேன், ரயில் ஏறி நியூயார்க் போவேன் என்று சபதம் போடுகிறாள். ரிச்சர்ட் சோலின் பியானோ ஓடிக்கொண்டே இருக்க, மேலே இவர் பேசிக்கொண்டே போகிறார். டிரம்ஸ் இல்லை, ஆனால் தாளம் சொற்களிலேயே இருக்கிறது. வேலைக்குப் போய் அலுத்துத் திரும்பும் எவருக்கும் இந்தப் பாட்டு தைக்கும்.

'ஹார்ஸஸ்' ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1975 நவம்பரில் வந்த முதல் ஆல்பம். குழுவில் லென்னி கே, ரிச்சர்ட் சோல், ஐவன் க்ரால், டிரம்ஸில் ஜே டீ டாஹர்ட்டி. தயாரித்தவர் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் இருந்த ஜான் கேல். ஒலிநுட்பத்தைக் கவனித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றுதான் ஸ்மித் அவரைக் கூப்பிட்டார். வந்தவரோ தானே ஒரு கலைஞர். ஸ்டுடியோவில் தினமும் வாக்குவாதம். குழுவின் பழைய கிடார்களைக்கூட மாற்றச் சொன்னார் கேல். அந்த உரசல் இல்லாமல் இந்த ஆல்பம் இப்படி வந்திருக்காது என்பது என் கருத்து. 'பேர்ட்லேண்ட்' மேடையில் சின்னப் பாட்டாக இருந்தது. கேல் போதாது போதாது என்று தூண்டிக்கொண்டே இருக்க, இவர் அந்த இடத்திலேயே சொற்களைக் கட்டிக் கட்டி ஒன்பது நிமிடத்துக்குக் கொண்டுபோனார். அப்பா இறந்த பிறகு, அவர் வானத்திலிருந்து ஒரு விண்கலத்தில் வந்து தன்னை அழைத்துப்போவார் என்று காத்திருக்கும் ஒரு சிறுவனின் கதை அது. முதல் தடவை கேட்டபோது ஆங்கிலம் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் கடைசியில் குரல் உடைந்து மேலேறும் இடத்தில், அந்தப் பையன் தனியாக விடப்பட்டுவிட்டான் என்பது சொல் புரியாமலே புரிந்தது.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'க்ளோரியா'. வான் மாரிசன் எழுதிய பழைய பாட்டை எடுத்து, அதன் தலையில் தன் கவிதையை வைத்திருக்கிறார். ஏசு யாரோ ஒருவரின் பாவத்துக்காக இறந்தார், என்னுடையதற்காக அல்ல என்று ஆரம்பிக்கிறது. பலர் இதை நாத்திகம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் தப்புக்கு நானே பொறுப்பு, இன்னொருவர் தலையில் அதை ஏற்றமாட்டேன் என்ற அர்த்தத்தில்தான் எழுதியதாக அவர் பலமுறை விளக்கியிருக்கிறார். ஓர் ஆண் பெண்ணைப் பார்த்துப் பாடிய பாட்டை, 'அவள்' என்பதை 'அவன்' என்று மாற்றாமல் ஒரு பெண் பாடியதும் அன்றைக்குப் பெரிய விஷயம்.

இந்த ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் ஒரு மனிதர் இருக்கிறார். 'கிம்பர்லி' கைக்குழந்தையாக இருந்த தங்கை. 'ரெடோண்டோ பீச்' இன்னொரு தங்கையோடு போட்ட சண்டைக்குப் பின் எழுதியது. 'பிரேக் இட் அப்' டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசனைப் பற்றிய கனவு, டெலிவிஷன் குழுவின் டாம் வெர்லைனோடு சேர்ந்து கட்டியது. கடைசியாக வரும் 'எலிஜி' ஹெண்ட்ரிக்ஸுக்கான இரங்கல். 'லேண்ட்' பாட்டில் மட்டும் கூட நிற்பது அவரேதான். வெவ்வேறு தடவை பாடிய குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், இடது காதில் ஒருத்தியும் வலது காதில் இன்னொருத்தியும் பேசுவார்கள்.

விற்பனையில் அமெரிக்காவில் 47ஆம் இடம்தான். இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அதைச் சேர்த்து வைத்திருக்கிறது.

அந்தக் கறுப்பு வெள்ளை அட்டைப்படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் கறுப்புக் கோட்டு. அவ்வளவுதான். எடுத்தவர் மேப்பிள்தார்ப். இடம், அவருடைய நண்பர் சாம் வாக்ஸ்டாஃபின் வீடு. விளக்கு எதுவும் வைக்காமல், பிற்பகல் வெயில் சுவரில் விழும் நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்தார். சட்டை பழைய துணி விற்கும் கடையில் வாங்கியது. கோட்டில் குத்தியிருக்கும் சின்னக் குதிரை, ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவின் ஆலன் லேனியர் கொடுத்தது. வெயில் நகர்ந்துகொண்டிருந்தபோது, கோட்டைக் கழற்றிவிடு, வெள்ளை நன்றாக இருக்கிறது என்றார் ராபர்ட். ஸ்மித் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மொத்தம் எடுத்தது பன்னிரண்டு படம். அதிலிருந்து இதுதான் என்று ஒன்றைத் தொட்டுக் காட்டியவரும் ராபர்ட்தான்.

ரெக்கார்டு கம்பெனியில் சிலர் தலைமுடியைச் சரிசெய்யலாம், உதட்டுக்கு மேல் தெரியும் மெல்லிய ரோமத்தை அழிக்கலாம் என்றார்கள். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பாடகியின் படம் என்றால் ஒப்பனையும் புன்னகையும் என்றிருந்த காலத்தில், நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெண் யாரையும் மயக்க முயலவில்லை. எடுத்தவருக்கும் நின்றவருக்கும் இடையே எட்டு வருட நட்பு இருந்ததால்தான் அந்தப் பார்வை கிடைத்தது.

'ரேடியோ இத்தியோப்பியா' தோல்விப் படைப்பா?

1976இல் வந்தபோது விமர்சகர்கள் கடுமையாகத் திட்டினார்கள். தலைப்புப் பாட்டு பத்து நிமிட இரைச்சல். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும், ஆனால் முதலில் கேட்க வேண்டிய ஆல்பம் இது அல்ல.

அதன் பிறகு வந்தது பெரிய அடி. 1977 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில், பாடியபடியே சுழன்றவர் மேடையிலிருந்து சுமார் 15 அடி கீழே விழுந்தார். கழுத்து எலும்புகள் முறிந்தன. மாதக்கணக்கில் படுக்கை, உடற்பயிற்சிச் சிகிச்சை. எழுந்து வந்து போட்ட ஆல்பத்துக்கு 'ஈஸ்டர்' என்று பெயர் வைத்தார். உயிர்த்தெழுந்த நாளின் பெயர்.

'பிகாஸ் த நைட்' இவர் பாட்டா, ஸ்ப்ரிங்ஸ்டீன் பாட்டா?

இருவருடையதும். 'ஈஸ்டர்' ஆல்பத்தைத் தயாரித்த ஜிம்மி அயோவின் அதே சமயம் ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனிடமும் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தார். ஸ்ப்ரிங்ஸ்டீனிடம் மெட்டும் பல்லவியும் இருந்தன, சரணம் பாதியில் நின்றது. அந்த கேசட்டை வாங்கி ஸ்மித்திடம் கொடுத்தார் அயோவின். இவர் அதைப் போட்டுக் கேட்காமலே பல நாள் வைத்திருந்தார், இன்னொருவர் எழுதிய பாட்டு வேண்டாம் என்ற வீம்பில்.

அப்போது இவருடைய காதலர், எம்சி5 குழுவின் கிடார் கலைஞர் ஃப்ரெட் 'சானிக்' ஸ்மித், டெட்ராய்ட்டில் இருந்தார். 1976இல் அங்கே ஒரு ஹாட் டாக் கடையில் நடந்த விருந்தில் லென்னிதான் இருவரையும் அறிமுகப்படுத்தியிருந்தார். வெளியூருக்கு டெலிபோன் பேசுவது செலவு பிடிக்கும் காலம், அதனால் வாரத்துக்கு ஒருமுறைதான் பேச்சு. ஒருநாள் மாலை ஏழரைக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன ஃப்ரெட் கூப்பிடவில்லை. எட்டாகிறது, ஒன்பதாகிறது. தவிப்பு தாங்காமல் அந்த கேசட்டை எடுத்துப் போட்டார். கேட்டவுடனே இது பெரிய பாட்டு என்று தெரிந்துவிட்டது. நள்ளிரவையொட்டி ஃப்ரெட் கூப்பிட்டபோது வரிகள் எழுதி முடிந்திருந்தன. பாட்டில் டெலிபோன் மணியைப் பற்றியும் காதலைப் பற்றியும் வரும் சரணத்தை இனிமேல் கேட்டால் அந்த மாலை உங்களுக்கும் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் 13ஆம் இடம், பிரிட்டனில் 5ஆம் இடம். அவருடைய மிகப்பெரிய ஹிட் இதுதான்.

'ஈஸ்டர்' ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பிலேயே இழிசொல் இருக்கிறதே?

இருக்கிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல். சமூகம் வெளியே தள்ளிய எல்லாருக்கும் பொதுவான பெயராக அதை மாற்றிவிடலாம் என்று அவர் எண்ணினார். நல்ல நோக்கம்தான், ஆனாலும் அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் அல்லவா அதை முடிவு செய்ய வேண்டும்? நம் ஊரில் சாதிப் பெயர்களை வசவாக வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவருடைய வாதம் ஒருநாளும் சரியாகப் படவில்லை. அந்தப் பாட்டை நான் தாண்டிப் போய்விடுவேன்.

1979க்கும் 1996க்கும் நடுவில் ஒரே ஒரு ஆல்பம்தான். எங்கே போனார்?

வீட்டுக்கு. 1979இல் டாட் ரன்ட்கிரன் தயாரிப்பில் 'வேவ்' வந்தது. அதில் வரும் 'ஃப்ரெடரிக்' யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த செப்டம்பரில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் ஒரு பெரிய ஸ்டேடியக் கச்சேரி. அதோடு நிறுத்திக்கொண்டார். 1980 மார்ச்சில் திருமணம், டெட்ராய்ட் பக்கத்தில் செயின்ட் கிளேர் ஷோர்ஸில் குடித்தனம். மகன் ஜாக்சன், மகள் ஜெஸ்ஸி.

புகழின் உச்சியில் இருந்தவர் கணவனுக்காகத் தன்னைக் கரைத்துக்கொண்டார் என்று பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. குழந்தைகள் எழுவதற்கு முன், விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து தினமும் எழுதினார். எழுத்தில் தனக்கு ஒழுங்கு வந்ததே அந்த வருடங்களில்தான் என்கிறார்.

அந்தச் சமையலறையில் பிறந்ததுதான் 'பீப்பிள் ஹேவ் த பவர்'. இவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறார். ஃப்ரெட் உள்ளே வந்து, சக்தி மக்களிடம்தான் இருக்கிறது, இதை எழுது என்று சொல்லிவிட்டுப் போகிறார். கையில் கத்தியோடு, இருக்கிற வேலை போதாதென்று இது வேறா என்ற எரிச்சல் முதலில். அப்புறம் எழுதினார். 1988இல் 'ட்ரீம் ஆஃப் லைஃப்' ஆல்பத்தில் வந்தது. அப்போது பெரிதாக ஓடவில்லை. இன்று உலகம் முழுக்கப் போராட்டங்களில் கூட்டம் சேர்ந்து பாடுகிற பாட்டு அது. அந்தக் கூட்டங்களைப் பார்க்க ஃப்ரெட் இல்லை. அதுதான் இவருக்குப் பெரிய வருத்தம்.

'கான் அகெய்ன்' ஏன் இவ்வளவு துயரமாக இருக்கிறது?

1989 மார்ச்சில் மேப்பிள்தார்ப் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அடுத்த வருடம் ரிச்சர்ட் சோல். 1994 நவம்பரில் ஃப்ரெட். ஒரு மாதத்துக்குள் தம்பி டாட். கையில் இரண்டு பிள்ளைகளோடு, வருமானமும் இல்லாமல் நின்றார். இறந்தவரின் ஆன்மாவை விடைகொடுத்து அனுப்பு, உன் வாழ்க்கையைத் தொடர்ந்து கொண்டாடு என்று தேற்றியவர் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க். 1995 டிசம்பரில் தன் கச்சேரிகளில் வந்து பாடும்படி பாடகர் பாப் டிலன் அழைத்தார்.

1996இல் வந்த இந்த ஆல்பத்துக்கு பழைய தோழர்கள் எல்லாரும் வந்தார்கள். லென்னி, டாஹர்ட்டி, டாம் வெர்லைன். புதிதாக வந்தவர் ஜெஃப் பக்லி. 'பினீத் த சதர்ன் கிராஸ்' பாட்டின் முடிவில் சொற்களே இல்லாமல் மிதந்து வரும் ஆண்குரல் அவருடையது. இன்னொரு பாட்டில் அவர் நம் வடநாட்டு வில் வாத்தியமான எஸ்ராஜை வாசித்திருக்கிறார். அடுத்த வருடமே ஆற்றில் மூழ்கி இறந்தார், முப்பது வயதில். துக்கத்தில் இருந்தவருக்குத் துணையாகப் பாட வந்த குரல், இப்போது தானே ஒரு துக்கமாகக் கேட்கிறது. 'அபவுட் எ பாய்' நிர்வாணா குழுவின் மறைந்த பாடகர் கர்ட் கோபேனுக்கு எழுதியது.

இவருடைய ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் 'ஹார்ஸஸ்' எடுக்கமாட்டேன், இதைத்தான் எடுப்பேன். வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு இதைக் கேட்டிருக்கிறேன். நம் ஊர் ஒப்பாரியில் இறந்தவரைக் கூப்பிட்டு, நேரில் இருப்பதுபோல் பேசுவார்களே, அந்த நெருக்கத்தை வேறெந்த ராக் ஆல்பத்திலும் நான் உணர்ந்ததில்லை.

மற்றவர்களின் ஆல்பங்களில் பாடியிருக்கிறாரா, எழுதியிருக்கிறாரா?

நிறைய. தன் ஆல்பம் வருவதற்கு முன்பே ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவுக்கு வரிகள் எழுதினார். 'கரியர் ஆஃப் ஈவில்' அதில் ஒன்று. ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப், பதினைந்து வயதில் 'ஹார்ஸஸ்' கேட்டுத்தான் தன் வாழ்க்கை மாறியது என்பார். அவருடைய 'இ-போ த லெட்டர்' பாட்டில் 1996இல் இவர் பின்குரல் கொடுத்தார். ஸ்டைப் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போக, இவர் குரல் பின்னாலிருந்து அலைபோல எழும். அழகான நன்றிக்கடன்.

மேப்பிள்தார்ப்புக்காக எழுதிய 'த கோரல் சீ' என்ற நெடுங்கவிதையை, மை ப்ளடி வாலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸின் கிடாரோடு லண்டனில் 2005லும் 2006லும் வாசித்தார். இரண்டும் இசைத்தட்டாக 2008இல் வந்தன. ஒரே கவிதை, ஒரே இருவர், ஆனால் இரண்டாவது இரவில் வேறு மாதிரி உருகியிருக்கிறார்கள்.

காந்தியைப் பற்றிப் பாடியிருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. 2004இல் வந்த 'ட்ராம்பின்' ஆல்பத்தில் 'காந்தி' என்றே ஒரு பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல். மெதுவாகக் கதை சொல்வதுபோல் ஆரம்பித்து, மக்களைத் தட்டி எழுப்பும் கூவலாக மாறுகிறது. அமெரிக்கா இராக்கில் போர் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஆல்பத்தின் 'ரேடியோ பாக்தாத்', குண்டு விழும் இரவில் குழந்தையைத் தூங்கவைக்கும் ஒரு தாயின் பார்வையில் போகிறது. ஆல்பம் முடிவது பழைய கறுப்பினப் பக்திப் பாடல் ஒன்றில். பியானோ வாசிப்பது மகள் ஜெஸ்ஸி.

சவுண்ட்வாக் கலெக்டிவ் என்பது என்ன?

ஊர் ஊராகப் போய் ஒலிகளைச் சேகரித்து அவற்றை வைத்தே இசை அமைக்கும் கலைக்குழு. அதை நடத்துபவர் ஸ்டெஃபான் க்ராஸ்னியான்ஸ்கி. விமானப் பயணத்தில் இருவரும் சந்தித்தார்கள். பாடகி நிகோவைப் பற்றிய 'கில்லர் ரோடு' 2016இல் வந்தது. பிறகு மூன்று ஆல்பங்கள், மூன்றும் மூன்று பிரெஞ்சு எழுத்தாளர்களைத் தேடிப் போனவை. ஆர்த்தோவுக்காக மெக்சிகோவின் மலைகள், ரிம்போவுக்காக எத்தியோப்பியாவின் ஹரார் நகரம், ரெனே டோமாலுக்காக இமயமலை.

வேலை நடக்கும் விதம் சுவாரசியமானது. ஸ்டெஃபான் அந்த இடங்களுக்குப் போய்க் காற்றையும் காலடியையும் மந்திரங்களையும் பதிவு செய்துகொண்டு வருவார். கல், மணல், இலை என்று கையில் கிடைப்பதையும் கொண்டுவருவார். ஸ்மித் நியூயார்க் ஸ்டுடியோவில் அந்த ஒலிகளைக் காதில் வாங்கிக்கொண்டு பேசுவார், பாடுவார். 2020இல் வந்த 'பெரடாம்' ஆல்பத்துக்கு நந்தா தேவிப் பகுதியிலும் ரிஷிகேஷிலும் வாராணசியிலும் ஒலி எடுத்திருக்கிறார்கள். அனுஷ்கா சங்கரும் அதில் வாசித்திருக்கிறார். கோயில் மணியும் ஆற்றுச் சத்தமும் நமக்குப் பழகியவை என்பதால், இந்த ஆல்பத்தில் நாம் வேறு யாரையும்விடச் சீக்கிரம் உள்ளே போய்விடலாம்.

பதினாறு வயதில் புத்தகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர், 1976இல் ரிம்போ வாழ்ந்த நாட்டின் பெயரை ஆல்பத்துக்கு வைத்தார். 2019இல் ஹரார் நகரத்தின் ஒலிகளோடு அவர் கவிதையை வாசித்தார். இவ்வளவு காலம் ஒரு கவிஞனை விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

நோபல் விழாவில் வரிகளை மறந்துவிட்டாராமே?

2016 டிசம்பர் 10, ஸ்டாக்ஹோம். இலக்கியத்துக்கான பரிசு பாப் டிலனுக்கு. அவர் வரவில்லை. பரிசு யாருக்கு என்று தெரிவதற்கு முன்பே ஸ்மித்தைப் பாட அழைத்திருந்தார்கள். பெயர் தெரிந்ததும் தன் பாட்டை விட்டுவிட்டு டிலனின் 'எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கோனா ஃபால்' பாடுவதென்று மாற்றிக்கொண்டார். ஃப்ரெடுக்கும் பிடித்த பாட்டு அது.

இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள், ரொம்பப் பதற்றமாக இருக்கிறது என்று அரசரும் அரசியும் உட்கார்ந்திருந்த அவையில் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மறுபடி தொடங்கச் சொன்னார். வரிகள் மறக்கவில்லை, வெளியே எடுக்க முடியவில்லை என்று பிறகு எழுதினார். அந்தக் காணொளியைப் பாருங்கள். தடுமாறுவதற்கு முன் இருந்த குரலைவிட, தடுமாறிய பிறகு வரும் குரல் திறந்திருக்கும். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தெரியும்.

புத்தகங்களையும் படிக்க வேண்டுமா?

'ஜஸ்ட் கிட்ஸ்' மட்டுமாவது. தங்கள் கதையை எழுதுவதாக மரணப் படுக்கையில் இருந்த ராபர்ட்டுக்கு வாக்குக் கொடுத்தார். எழுதி முடிக்க இருபது வருடம் ஆனது. 2010இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது பெற்றது. எளிய ஆங்கிலம்தான்.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'பிகாஸ் த நைட்', 'டான்சிங் பேர்ஃபுட்', 'பீப்பிள் ஹேவ் த பவர்' மூன்றையும் முதலில் கேளுங்கள். மெட்டு உடனே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'ஹார்ஸஸ்' முழுதாக, நடுவில் நிறுத்தாமல். பிறகு 'கான் அகெய்ன்'. அடுத்தவர் பாடல்களை மட்டும் பாடிய 'ட்வெல்வ்' ஆல்பத்தில் நிர்வாணா குழுவின் பாட்டு ஒன்றை பான்ஜோவோடு பாடியிருப்பார். அந்த பான்ஜோ வாசித்தவர்களில் ஒருவர் அதே சாம் ஷெப்பர்டு. சவுண்ட்வாக் கலெக்டிவோடு செய்தவற்றைச் சேர்க்காமல் மொத்தம் பதினோரு ஸ்டுடியோ ஆல்பங்கள், கடைசியாக வந்தது 2012இன் 'பங்கா'. அதை மறுபடி எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவிலேயே பதிவு செய்தார். 'ஏப்ரல் ஃபூல்' பாட்டில் டாம் வெர்லைனின் கிடார் வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். வெர்லைன் 2023 ஜனவரியில் காலமானார்.

ஆங்கிலம் முழுக்கப் புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டால் போதும்.

இப்போதும் மேடையேறுகிறாரா?

ஏறுகிறார். 'ஹார்ஸஸ்' வந்து 50 வருடம் ஆனதற்காக 2025இல் அந்த ஆல்பத்தை முழுதாகப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், எழுபத்தெட்டு வயதில். லென்னி கேயும் ஜே டீ டாஹர்ட்டியும் கூட இருந்தார்கள். கிடார் வாசித்தவர்களில் மகன் ஜாக்சனும் ஒருவர். ஹெண்ட்ரிக்ஸுக்காக எழுதிய 'எலிஜி'யை மேடையில் பாடும்போது, இறந்துபோன தோழர்களின் பெயர்களை அதோடு சேர்த்துச் சொல்வது அவருக்கு வெகுநாள் வழக்கம். 1975இல் அந்தப் பாட்டு ஒருவருக்கானது. இப்போது ராபர்ட், ரிச்சர்ட், ஃப்ரெட், டாட், டாம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.